றவூப் காக்காவின் பீங்கான் பேடு

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து வந்ததும், ஊரே அண்ணன் முறைக்கு அழைக்கும் றவூப் காக்கா புறாக்கூட்டின் கொண்டியை எடுத்துவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறுவார். சாம்பல் நிறப் பேடு ஒன்று வெளியே வந்து, வாவிக்கரை வீட்டின் கூரைக்கு மேல் ஒரே ஒரு வட்டம் அடிக்கும். பிறகு காத்தான்குடி முழுவதையும் கீழே விட்டுவிட்டுக் கிழக்கே கடற்கரைப் பக்கம் பறந்துவிடும். அது மேலால் போக, இவர் ஒழுங்கைகளுக்குள்ளால் மிதித்துக்கொண்டு பின்னால் போவார். பிரதான வீதியைக் கடக்கும் இடத்தில் யாராவது ஒரு கடைக்காரர் குரல் கொடுக்காத நாளில்லை.

“காக்கா, இண்டைக்கும் அவதான் முந்திட்டா!”

“அவக்கு மேல ஓட்டோவும் இல்ல, முச்சந்தியும் இல்ல. முந்தாம என்ன செய்யும்?”

பூநொச்சிமுனையில் ஒரு வெறும் வளவுக்குள் சைக்கிளைக் கொண்டுபோய்ச் சாத்துவார். வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் கிடக்கிறது. ஒரு கிணறு, இரண்டு தென்னை, நான்கு கம்புகளின் மேல் தூக்கி வைத்த ஒரு பலகைப் பெட்டி. அந்தப் பெட்டியின் தலையில் புறா குந்தியிருக்கும். கொஞ்ச நேரம் இவரும் தரையில் குந்தியிருப்பார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன் புறாவைப் பிடித்துக் கூடையில் வைத்து, வந்த வழியே வாவிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோய் அடைத்துவிடுவார். அடுத்த நாளும் இதே கூத்துத்தான். திருப்பிக் கொண்டுவருவதற்காக ஏன் திறந்துவிடுகிறீர்கள் என்று கேட்டால், “அடைச்சு வெச்ச புறாவுக்கு நெஞ்சு இறுகிப் போகும். காத்துப் படணும்” என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. முழு உண்மையும் இல்லை.

தொழில், சைக்கிள் திருத்துவது. பிரதான வீதிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில்தான் கடை. நெளிந்த சில்லைத் தலைகீழாக வைத்துச் சுற்றி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கம்பி கம்பியாக முறுக்கிக்கொண்டிருப்பார். பேச்சுக் குறைவு. பேசுகிற கொஞ்சத்திலும் தூரத்தையெல்லாம் பந்தயத்துக்குப் புறா திறந்துவிடும் ஊர்களால் அளப்பது அவருடைய பழக்கம். தேய்ந்த டயரை அமத்திப் பார்த்து, “இது வெலிகந்தை வரைக்கும் தாங்கும். அங்கால ஏலா” என்பார். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளை திருதிருவென்று முழிக்கும்.

புறாவைத் தொடுவதற்கு முன்னால் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். சாப்பாட்டுக்கு உட்காரும்போது அந்தக் கை சாரனில் ஒரு இழுப்போடு சரி. “சோத்தைத் தொடக்குள்ள மட்டும் இந்தக் கை நாறாதாக்கும்” என்று அவருடைய மனைவி சித்தி நபீஸா இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவரும் இருபது வருடமாகச் சாரனிலேயே துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பேட்டுக்குப் பெயர் பீங்கான். கண்ணின் வளையம் வெள்ளைவெளேரென்று கோப்பை நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர். மற்றப்படி பார்க்க ஒன்றுமில்லை. கழுத்தில் மினுக்கம் இல்லை, வாலில் விரிவு இல்லை. வெளியூர்ப் புறாக்காரர்கள் தேடி வந்து பார்த்துவிட்டு, “இதுதானா அது?” என்று ஏமாந்த குரலில் கேட்பார்கள். ஏறாவூர், காத்தான்குடி, மட்டக்களப்புப் புறாக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கழகத்தில் இதை முந்திய புறா கிடையாது. பந்தயம் என்றால் எல்லாருடைய புறாக்களையும் லொறியில் ஏற்றித் தூர ஊருக்குக் கொண்டுபோய் ஒன்றாகத் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் தன் வீட்டுக்குப் பறந்து வரும். வந்ததும் காலில் மாட்டிய றப்பர் வளையத்தைக் கழற்றிக் கழகம் பூட்டிக் கொடுத்த மணிக்கூட்டுக்குள் போட்டால் அது நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அனுராதபுரம், புத்தளம், வவுனியா என்று எங்கே திறந்தாலும் பீங்கான்தான் முதலில் வந்தது.

இதற்கு என்ன மருந்து கொடுக்கிறார் என்று பெரிய ஆராய்ச்சியே நடந்தது. மிளகு கொடுக்கிறார் என்றான் ஒருவன், கருஞ்சீரகம் என்றான் இன்னொருவன். ஒரு பேடு வேகமாக வர வேண்டுமானால் அதை முட்டையில் அடையிருக்கும்போது பிரித்து அனுப்புவது புறாக்காரர்களின் பழைய உத்தி. முட்டை நினைப்பில் பறந்து வரும். பீங்கானுக்கு முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை, காத்திருக்கும் சேவலும் இல்லை. அதற்கு இருந்தது அந்த வளவு மட்டும்தான்.

அந்த வளவில் றவூப் காக்காவின் வீடு இருந்தது. கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நபீஸா ஊருக்குள் ஒரு கலியாண வீட்டுக்கு உதவிக்குப் போயிருந்தாள். இவர் கடையில். மகள் நிஸ்றாவுக்குப் பத்து வயது. “புறாவுக்குத் தீன் போட்டிட்டு வாறன் உம்மா, நீங்க முன்னுக்குப் போங்க” என்று சொல்லிப் பின்தங்கிவிட்டாள். அலை போன பிறகு றவூப் காக்கா ஓடி வந்தபோது வீடு இல்லை, கூடு இல்லை. புறாக்கள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. கூட்டின் கொண்டியை உள்ளே இருந்து புறாவால் எடுக்க முடியாது. பிள்ளைதான் எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் நிஸ்றாவின் மையித்துக் கிடைத்தது. கிடைத்ததே ஒரு ஆறுதல் என்று ஊர் சொன்னது. அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருவருக்கும் இன்றுவரை தெரியவில்லை.

கடலோரத்தில் இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. வாவிக்கரையில் புது வீடு கிடைத்தது. புறாக்களையும் அங்கே கொண்டுபோய், பழைய இடம் நினைவில் இருந்து அயத்துப் போகட்டும் என்று மாதக்கணக்கில் அடைத்து வைத்தார். திறந்தபோது அந்த வருடத்துக் குஞ்சுகள் புதுக் கூரையில் குந்தின. மற்றவை ஒன்றிரண்டு நாள் தடுமாறிவிட்டு வந்து சேர்ந்தன. பீங்கான் மட்டும் தடுமாறவே இல்லை. எழும்பியது, கிழக்கே போனது. சைக்கிளில் தேடிப் போனால் வளவுக் கிணற்றுக் கட்டில் இருக்கிறது. கொண்டுவந்து அடைத்தார். மறுகா திறந்தார். மறுகாவும் கிணற்றுக்கட்டு. கடைசியில் மனிதர்தான் தோற்றார். கம்பு நட்டு ஒரு பெட்டியை அங்கே தூக்கி வைத்தார்.

அதற்கும் விசாரணை வந்தது. கடலோரக் கட்டடங்களைக் கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தர் பெட்டியைச் சுற்றி வந்து, “இது என்ன கட்டடம்?” என்று கேட்டார்.

“புறாக்கூடு, சேர்.”

“ஆக்கள் இருக்கிறதா?”

“ஆக்கள் இல்ல சேர். அவ மட்டும்தான்.”

உத்தியோகத்தர் கொஞ்சம் யோசித்துவிட்டு எதையும் எழுதாமல் போனார். கழகப் பதிவில் மட்டும் றவூப் காக்காவின் வீடு இன்னமும் பூநொச்சிமுனைதான். புறா எங்கே இறங்குகிறதோ அதுதான் வீடு என்பது அவர்களுடைய சட்டம்.

யுத்த காலத்தில் புறாவோடு வீதியில் போவது லேசான காரியமாக இருக்கவில்லை. காலில் வளையம் மாட்டிய பறவை என்றால் யாருக்குச் சேதி கொண்டுபோகிறது என்ற கேள்வி வரும். ஒருநாள் சோதனைச் சாவடியில் கூடையைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் பேட்டைத் தூக்கினான். துவக்கைத் தோளில் சரித்துவிட்டு, சிறகை விசிறிபோல விரித்துப் பார்த்தான். கண்ணை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தான். “காக்கா, இது நல்ல ஹோமர் நே?” என்றான் அவன். குருநாகலில் அவன் வீட்டிலும் இப்படி வீடு தேடி வரும் ஹோமர்ப் புறா இருந்ததாம். “குஞ்சு வந்தா எனக்கு ஒண்டு தாங்கோ.” ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். அந்தச் சிப்பாய் பிறகு மாறிப் போய்விட்டான். பீங்கானுக்குக் குஞ்சு என்று ஒன்று அதுவரை வரவும் இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருடம் யாழ்ப்பாணப் பாதை திறந்தது. கழகத்துக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை மேற்கேயிருந்துதான் புறாக்களைத் திறந்திருக்கிறார்கள். இப்போது பருத்தித்துறை! யாரும் திறக்காத இடம், எந்தப் புறாவும் பறக்காத வழி. பாதி கடல், பாதி காடு, வழியெல்லாம் வல்லூறு. பங்குனியில் பந்தயம் என்று அறிவித்த அன்றைக்கே தேநீர்க் கடையில் கச்சேரி தொடங்கிவிட்டது. பருத்தித்துறையைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, இரண்டாவது பிளேன்ரீக்கு முன்னால் பீங்கானில் வந்து நின்றது.

கழகச் செயலாளர் பாறூக் ஏறாவூர்க்காரர். கட்டாரில் பத்து வருடம் இருந்து உழைத்து வந்து, மூன்று மாடிக்குப் புறாக்கூடு கட்டியவர். அவருடைய வாதம் நேரானது.

“மச்சான், அவக்கு ஏழு வயசு. இன்னும் ஒரு வருசம், கூடினா ரெண்டு. அதோட முட்டையும் நிண்டிரும். பருத்தித்துறையில தொலைச்சிப் போட்டா அந்த ரத்தத்துக்கு எங்க போற? ஓடினது காணும். இனி ஜோடி போடு. வித்து எடு.”

சரீப் வண்டி ஓட்டுகிறவர், புறாக்களை ஏற்றிப் போகும் லொறி அவருடையது. அவருக்கு இது பிடிக்கவில்லை. “பறக்கிற சீவனை அடைச்சி வெச்சி முட்டை போடச் சொல்லுறதா? ஓடுற மட்டும் ஓட விடுங்க. இந்தப் பாதைக்கு இவ போகாட்டி வேற எது போற?”

“ஓடி வெண்டவ எத்தினையோ பேர் இரிக்காங்க. வித்து விட்டவதான் இல்ல.”

“வித்து, வித்து! இவட பிள்ளை இவள மாதிரிப் பறக்கும் எண்டு ஒனக்கு ஆர் சொன்ன?”

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. மேசை இரண்டாகப் பிரிந்து குரலை உயர்த்தியது. புறாவின் சொந்தக்காரர் மூலையில் இருந்து மாஸிப் பணிஸைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கடைசியில் பாறூக், “நீ என்ன சொல்லுறா?” என்று கேட்டபோது, “தேத்தண்ணி ஆறுது” என்றார்.

ஆனாலும் பாறூக் சொன்னது உள்ளே வேலை செய்தது. அடுத்த கிழமையே பாறூக் தன்னுடைய கூட்டில் இருந்து ஒரு நீலச் சேவலைக் கொண்டுவந்து கொடுத்தார். வாவிக்கரை வீட்டில் இரண்டையும் ஒரு கூட்டில் விட்டார்கள். சேவலின் சிறகை நூலால் கட்டியிருந்தது, இல்லாவிட்டால் அது ஏறாவூருக்குப் போய்விடும். பீங்கான் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சேவலின் தலையைக் கோதிவிட்டது. பத்து நாளில் இரண்டு முட்டை. றவூப் காக்கா கொண்டியைப் போட்டு அதற்கு மேல் கம்பியும் சுற்றினார். முட்டையில் இருக்கும் பேட்டைத் திறந்தால் வளவுக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

முதல் கிழமை ஒரு மாதிரிப் போனது. அஸருக்குப் பள்ளியில் இருந்து வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல், நல்ல சைக்கிளுக்கே எண்ணெய் விட்டார். பகல் முழுவதும் சேவல் முட்டையில் இருக்கும், சாயங்காலம் பேடு மாற வேண்டும். பேடு மாறும்தான். ஆனால் அதற்கு முன்னால், சரியாக அந்த அஸர் நேரத்தில், கிழக்குப் பக்கக் கம்பிவலையில் போய் ஒட்டிக்கொண்டு சிறகை அடிக்கும். எட்டாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரே ஒரு தரம், போய்விட்டு உடனே கிறுகி வந்துவிடலாம் என்று கம்பியை அவிழ்த்தார். போனார்கள், மேலே ஒருவர், கீழே ஒருவர். இருட்டும் முன் கொண்டுவந்து கூட்டில் விட்டார். பேடு முட்டையில் ஏறவில்லை. வலையைப் பார்த்தபடி இரவு முழுக்க இருந்தது. விடிய முட்டை இரண்டும் கல்லாக ஆறிக் கிடந்தன.

பாறூக் வந்து முட்டையைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்தார். “நாப்பது வருசமாப் புறா வளக்கிற மனிசன் செய்யிற வேலையா இது? சின்னப் புள்ளக்கும் தெரியுமே!” றவூப் காக்கா தலையைக் குனிந்துகொண்டார். பாறூக் கோபித்ததில் தவறு இல்லை. அதற்காக அவர் கொடுத்த சேவலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டு நேரத்தில் நபீஸா பேச்சை எடுத்தாள். புறாவைப் பற்றி அவள் வாய் திறப்பதே அருமை. அந்த வளவின் பெயரை எடுப்பதே இல்லை. ஐந்து வருடத்தில் ஒரு தடவையாவது அங்கே அவள் கால் வைத்ததில்லை. பிரதான வீதிக்குக் கிழக்கே ஒரு மையித்து வீடு என்றாலும் ஆளனுப்பி விசாரிப்பாளே தவிரப் போகமாட்டாள்.

“பருத்தித்துறைக்கு அனுப்பப் போறீங்களா?”

“தெரியா.”

“வராட்டி?”

அவர் சோற்றைப் பிசைந்தார்.

“வராட்டி மறுகா எதைச் சாட்டி அங்க போவீங்க?”

பிசைந்த கை நின்றது. இது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காத்துப் படணும், நெஞ்சு இறுகும் என்று ஊருக்குச் சொன்ன கதையை வீட்டிலும் நம்பியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்.

“அடைச்சாலும் போக ஏலாதே, புள்ள” என்றார். தேநீர்க் கடையில் அத்தனை பேர் கேட்டும் சொல்லாத பதில் அதுதான். அனுப்பினால் பேடு தொலையலாம். குஞ்சுக்கு விட்டால் இனித் திறக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் அஸருக்குப் பிறகு அந்தத் தரையில் போய்க் குந்தியிருக்க அவருக்கு ஒரு காரணம் மிஞ்சாது.

“போறதுக்குப் புறா வேணுமா?” என்று கேட்டுவிட்டு நபீஸா கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். குசினிக்குள் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

பந்தயத்துக்கு முதல் நாள் பகல் கழகத்தில் புறா ஒப்படைக்கும் வரிசை. றவூப் காக்கா கூடையோடு வந்தார். சரீப் லொறியில் இருந்து குதித்து, “வந்திட்டா ராசாத்தி!” என்று சத்தம் போட்டார். பாறூக் முகத்தைத் திருப்பிக்கொண்டு றப்பர் வளையத்தை நீட்டினார். றவூப் காக்கா பேட்டைக் கையில் எடுத்தார். வளையம் மாட்டுவதற்காகக் காலைப் பிடித்தவர், வழமைபோல வாலடி எலும்பிலும் விரலை வைத்துப் பார்த்தார். எலும்பு இரண்டும் விலகி நின்றன. பேடு மறுபடியும் முட்டைக்கு நிற்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ.

“பாறூக், பாரு.”

பாறூக்கும் தொட்டுப் பார்த்தார். முட்டைச் சுமையோடு கடல் தாண்டினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் வளையத்தை மாட்டுவதைத் தடுக்கக் கழகத்தில் சட்டமில்லை. சொந்தக்காரன் முடிவு. வரிசையில் பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். றவூப் காக்கா வளையத்தை மேசையில் திருப்பி வைத்தார்.

“அப்ப அடைக்கப் போறியா?” என்று கேட்டார் பாறூக்.

“அதுவும் ஏலா.”

“பின்ன?”

றவூப் காக்கா கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முற்றத்தில் நின்ற நபீஸாவிடம், “முட்டைக்கு நிக்கா” என்று மட்டும் சொன்னார்.

அடைத்தால் முட்டை ஆறும். வளவுப் பெட்டியில் விட்டால் பேடு முட்டையில் இருக்கும்தான், ஆனால் தீனுக்கும் தண்ணீருக்கும் வெளியே வரக் கதவு திறந்தே கிடக்க வேண்டும். ஆளில்லாத வளவில் பகலில் ஒரு காகம் போதும், முட்டைக்கும் குஞ்சுக்கும். இதையெல்லாம் அவர் விளக்க வேண்டியதில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு இது பாடம்.

“இராவைக்குக் கொண்டியப் போடலாம்” என்றாள். “பகலைக்கு நான் இரிக்கன்.”

“எங்க?”

“அங்கதான்.”

அடுத்த நாள் காலையில் காத்தான்குடி இதுவரை காணாத ஒரு புதினத்தைப் பார்த்தது. றவூப் காக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிழக்கே போனார். கரியரில் சேவலும் பேடும் இருந்த கூடை, ஹாண்டிலில் சோற்றுப் பார்சல். பக்கத்தில் நபீஸா கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிரதான வீதியில் குரல் கொடுக்க வாயெடுத்த கடைக்காரர் அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

வளவு வாசலில் அவள் நின்றாள். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சீமெந்துத் தரையில் மண்ணைக் காலால் தள்ளி, அறை எது, குசினி எது என்று பார்த்தாள். நிஸ்றா படுத்து எழும்பிய ஓரிடத்தில் மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போனாள். அழுதாள். சத்தமாகவே அழுதாள். றவூப் காக்கா பெட்டிக்குள் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். கையில் இருந்த வைக்கோலை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். அழுது முடிந்ததும் குடையை விரித்துப் பெட்டியின் நிழலோடு சேர்த்து ஊன்றிவிட்டு, ஒரு தடியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “காகம் எந்தப் பக்கத்தால வரும்?” என்று கேட்டாள்.

பேடு பெட்டிக்குள் போய்த் தானே வைக்கோலை இழுத்து ஒழுங்குபடுத்தியது. கதவு திறந்து கிடந்தது. சேவல் வாசலில் நின்று குறுகுறுத்தது. முற்பகல் போனபோது முதல் முட்டை வந்துவிட்டது.

பருத்தித்துறையில் விடியற்காலையில் திறந்த புறாக்கள் வருகிற நேரம் அது. வடக்கே, கடலோரமாக, மூன்று புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகளுக்குச் சிறகு முளைத்தது. வளவுக்கு நேர்மேலாக, தாழ்வாக, சிறகடிச் சத்தம் கேட்க அவை ஊருக்குள் பறந்தன. பந்தயத்தில் முதலாவது! றவூப் காக்கா துள்ளி எழும்பிக் கழுத்தை நிமிர்த்தி ஆகாயத்தையே பார்த்தார். கை தன்பாட்டில் இல்லாத மணிக்கூட்டைத் துழாவியது.

நபீஸா மேலே பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடி இருந்தவள், முகத்தைத் திருப்பாமலே ஒரு கையை நீட்டி அவருடைய சாரன் ஓரத்தைப் பிடித்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்காரும்வரை இழுத்தாள்.